மூச்சு வாங்கினால் விடியும்வரை பொறுக்க வேண்டாம்

(பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, வீட்டு அடுப்பைக்கூடப் பார்க்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே பேச்சை வளர்க்காமல் விஷயத்துக்கு வருகிறோம். காசநோயைப் பற்றி எமது பிரிவினர் உங்களிடம் பல தடவை பேசியிருக்கிறார்கள். அது மெல்ல வரும் வருத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஆள் தாங்குவார். இன்று பேசப்போவது அப்படிப்பட்டதல்ல. காலையில் மலைக்குப் போன ஆள் இரவில் மூச்சுக்குத் தவிக்கும் வருத்தம். இதில் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குத்தான்.

முதலில் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நுரையீரல் என்பது வெறும் இரண்டு பை அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு காற்றுப் பைகள் முப்பது கோடிக்கு மேல் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவின் தரையைப் போல ஆறு மடங்கு. அந்தப் பைகளின் சுவர் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் இரத்தம். காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தச் சுவரைத் தாண்டித்தான் இரத்தத்தில் சேர்கிறது.

இஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. கொழுந்து வாட்டும் தட்டில் அடியிலிருந்து காத்தாடி காற்றை ஊதும். கொழுந்து பொலபொலவென்று பரவிக் கிடந்தால் காற்று ஊடே போகும். மழையில் நனைந்த கொழுந்தைத் திணித்துப் போட்டால் காத்தாடி எவ்வளவு சுற்றினாலும் காற்று ஏறாது. நுரையீரலும் அப்படித்தான். கடுமையான கிருமியோ, விஷமோ, நஞ்சோ தாக்கும்போது அந்த மெல்லிய சுவர் புண்ணாகி, இரத்தத்திலுள்ள நீர் கசிந்து காற்றுப் பைகளை நிரப்புகிறது. ஆள் மூச்சை இழுக்கிறார், காற்றும் உள்ளே போகிறது, ஆனால் ஒட்சிசன் இரத்தத்தில் சேர்வதில்லை. அதனால்தான் உடம்பு இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறது. டொக்டர்மார் இதை ஏ.ஆர்.டி.எஸ். என்று எழுதுவார்கள், கடும் சுவாச நெருக்கடி என்று நாம் சொல்லலாம். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டொக்டர் ஆஷ்போ, டொக்டர் பெட்டி ஆகியோர் பன்னிரண்டு நோயாளரை வைத்து முதன்முதலில் இதை விவரித்து எழுதினார்கள். காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு, ஆனால் நெஞ்சு கெட்ட விதம் ஒன்றே என்பதுதான் அவர்கள் கண்டது.

நமது தோட்டங்களில் இந்த வருத்தம் எந்தெந்த வழியாக வருகிறது? இங்கே குளவியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குளவி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையான குளவியும் உண்டு, மரத்திலும் கற்பாறையிலும் பெரிய கூடு கட்டும் மலைத்தேனீயும் உண்டு. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி, விஷத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அதை உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். எதைக் கொண்டு எடுப்பது என்று தேடி நேரத்தைக் கடத்தக் கூடாது, நகமே போதும். கூடு கலைந்தால் கையை வீசி அடிக்காமல், படங்கையோ சாக்கையோ தலையிலும் முகத்திலும் போர்த்திக்கொண்டு மலையை விட்டு ஓடுங்கள். கூடையைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கொட்டிய பிறகு ஆபத்து இரண்டு தடவை வருகிறது. முதலாவது, சில நிமிடங்களுக்குள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, உதடும் நாக்கும் வீங்கி, தொண்டை அடைத்து, தலை சுற்றி, வாந்தி வந்து மூச்சு இழுக்கும். ஒரே ஒரு குளவி கொட்டினாலும் ஒவ்வாத உடம்புக்கு இது வரும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடைத் தசையில் போடுவது. பிரிட்டன் குளிசை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது இந்த நேரத்தில் போதாது. உங்கள் தோட்ட மருந்தகத்தில் இந்த ஊசி இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். குளவிக் கூடு இருக்கும் மலையில் வேலை செய்பவர்கள் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை.

இரண்டாவது ஆபத்தைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. நிறையக் கொட்டு வாங்கியவர் ஊசி போட்ட பிறகு தெளிவாக இருப்பார். பேசுவார், தேத்தண்ணி கேட்பார். ஆனால் விஷம் தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். ஓரிரு நாளில் நெஞ்சிலும் நீர் கசியலாம். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு இப்படி நடந்தது. தோட்டத்தின் பேர் வேண்டாம். காலையில் கொட்டு, மத்தியானம் ஊசி, பின்னேரம் "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்று வந்துவிட்டார். இரவு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. பேத்தி பார்த்துச் சொன்னாள். "வெளிச்சம் வரட்டும்" என்றார்கள். வெளிச்சம் வந்தபோது அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவர் பிழைத்தார்; மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். முதல் நாளே வார்டில் தங்கியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது எமது எண்ணம். ஆகவே, நிறையக் கொட்டு வாங்கியவரை டொக்டர் தங்கச் சொன்னால் தங்கட்டும். பேர் போனால் போகட்டும்.

அடுத்தது மண்ணெண்ணெய். கரண்டு வந்த பிறகும் அடுப்புப் பற்றவைக்க வீட்டில் ஒரு போத்தல் இருக்கிறது. அது பெரும்பாலும் சோடாப் போத்தல். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சோடாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மிடறு குடித்தால் வயிற்றுக்கு வரும் கேடு கொஞ்சம். புரையேறி நெஞ்சுக்குள் போகும் ஒரு துளிதான் பெரிய கேடு. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தப்பான வைத்தியம் நடக்கிறது. தொண்டையில் விரல் விட்டும், உப்புத்தண்ணீர், தேங்காய்ப் பால் கொடுத்தும் வாந்தி எடுக்க வைப்பார்கள். வாந்தியோடு எண்ணெய் மேலே வந்து மறுபடி மூச்சுக்குழாயில் இறங்கும். ஆகவே வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாயைத் துடைத்து, எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றி, பிள்ளையை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சு கூடலாம். போத்தலை இன்றைக்கே பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

புல்லுக்கு அடிக்கும் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரமக்ஸோன் என்ற பேர் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்த பரகுவாட் உடம்புக்குள் போனால் நுரையீரலில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வேறு எந்த மூச்சு வருத்தத்துக்கும் உயிர் காக்கும் ஒட்சிசனே இதில் புண்ணைக் கூட்டிவிடும். எந்த மருந்து என்று டொக்டரிடம் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். இலங்கையில் 2008 முதல் பரகுவாட்டைப் படிப்படியாகக் கட்டுப்படுத்திப் பின் முற்றாகத் தடைசெய்தார்கள். பழைய கேன் எங்காவது மூலையில் கிடந்தால் தண்ணீர் பிடிக்கக்கூட எடுக்க வேண்டாம், தோட்ட ஒஃபீஸில் ஒப்படையுங்கள். இன்று அடிக்கும் மருந்துகளுக்கும் முகமூடி, கையுறை, சப்பாத்து வேண்டும். காற்று வீசும் பக்கம் பார்த்து அடிக்கக் கூடாது. மருந்து உடம்புக்குள் போய்விட்டால், தவறுதலாகவோ மனவருத்தத்திலோ எப்படி நடந்திருந்தாலும், வெட்கப்பட்டு மறைக்காமல் லேபலோடு ஆளை உடனே கொண்டுபோங்கள். மனம் தாங்க முடியாமல் இருப்பவர்கள் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

மற்றது காய்ச்சல். சாதாரண நியூமோனியாதான் உலகமெங்கும் இந்தச் சுவாச நெருக்கடிக்கு முதற் காரணம். விறகுப் புகை அடைந்த காம்பராவில் வளரும் பிள்ளைக்கும், புகையிலும் தூசியிலும் வருடக்கணக்காக இருமிய வயதானவருக்கும் அது எளிதில் முற்றிவிடும். வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் ஈரச் சேற்றில் கால் வைப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்து, பிறகு மூச்சு வாங்கி இருமலில் இரத்தமும் வந்தால், அது நுரையீரலுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளம். சேற்றில் இறங்கும் காலத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய குளிசையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். கொவிட்டை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2021 ஆகஸ்ட் கடைசியில் நாட்டில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ஒட்சிசன் என்ற சொல்லைப் படிக்காத கிழவியும் பேசினாள்.

காரணம் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான்: மூச்சின் எண்ணிக்கை. இதற்கு டொக்டர் வேண்டியதில்லை, கையில் ஒரு போன் இருந்தால் போதும். ஆள் அமைதியாக இருக்கும்போது, அவருக்குச் சொல்லாமல், நெஞ்சோ வயிறோ எத்தனை தடவை எழும்புகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 25 என்றால் அன்றே காட்ட வேண்டும். 30 என்றால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். பிள்ளைகளின் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கைக்கு வந்தாலே ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பிள்ளை பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ண வேண்டிய தேவையே இல்லை, தூக்குங்கள். உதடு நீலமாவது, பேச்சு தடுமாறுவது, தூக்க மயக்கம் எல்லாம் கடைசி நேர அடையாளங்கள்; அதுவரை காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் சின்னக் கருவி இருந்தால், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். 94க்குக் கீழே காட்டினால் காட்டப் போக வேண்டும், 90க்குக் கீழே என்றால் அவசரம். குளிர்ந்த கையிலும் நகப்பூச்சிலும் அது பொய் சொல்லும். ஆகவே கருவி நல்ல எண் காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இனி நாம் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்த வருத்தத்தில் நம்மவர்களை அதிகம் கெடுப்பது விஷமும் கிருமியும் மட்டுமல்ல, "விடியட்டும் பாத்துக்கலாம்" என்ற பேச்சு. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது எமக்குத் தெரியாததல்ல. ராத்திரியில் ஓட்டோக்காரர் கேட்கும் காசு இருக்காது. மேக்கணக்கிலிருந்து ரோட்டுக்கு இறங்க மழையில் வழியில்லை. கூடப் போகிற ஆளுக்கும் நாளைக்குப் பேர் போய்விடும். ஆஸ்பத்திரியில் என்ன பேசுவார்களோ, நம் பாஷை விளங்குமோ என்ற பயம் வேறு. இவையெல்லாம் நியாயமான கஷ்டங்கள். நாம் குறைத்துப் பேசவில்லை. அதற்காகவே வருத்தம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு லயத்திலும் இதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். ராத்திரியில் யாருடைய வாகனம், யார் கூடப் போவது, சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளை யார், மரண உதவிச் சங்கத்தில் சேர்க்கும் காசில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிப் பயணத்துக்குக் கொடுக்கலாமா? செத்த பிறகு கொடுப்பதற்குச் சங்கம் வைத்திருக்கிறோம், சாகாமல் கொண்டுபோவதற்கு ஏன் வைக்கவில்லை என்று ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் எம்மைக் கேட்டார். எமக்குப் பதில் வரவில்லை.

1990 என்ற இலக்கத்தை எல்லோரும் போனில் போட்டு வையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் ஆரம்பித்து, பிறகு நாடு முழுவதும் வந்த இலவசச் சேவை. தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பேரை மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கணக்கு, எந்த டவுனிலிருந்து எந்த ரோட்டு, கோயில் பக்கமா, இஸ்டோர் பக்கமா என்று சொல்லுங்கள். ஒரு பையனை டோர்ச்சோடு சந்தியில் நிறுத்துங்கள். அம்பியூலன்ஸ் மேலே ஏற முடியாத இடமென்றால் ஆளை ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குங்கள். மூச்சு வாங்கும் ஆளைக் கம்பளியில் மல்லாக்கக் கிடத்தித் தூக்கினால் மூச்சு இன்னும் அடைக்கும். மயங்கிவிட்டால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வழியில் தேத்தண்ணி, கஞ்சி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நெஞ்சில் தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. தேய்த்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்போம் என்பதில்தான் கெடுதல்.

பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ, தியத்தலாவைக்கோ, அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ போனதும் முதலில் சொல்ல வேண்டியது எப்போது, என்ன நடந்தது என்பது. குளவி கொட்டினால் எத்தனை மணிக்கு, மருந்து என்றால் எந்த மருந்து, காய்ச்சல் என்றால் எத்தனை நாள், சேற்றில் வேலை செய்தாரா என்பவற்றையெல்லாம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி. இந்த வருத்தத்துக்கென்று நுரையீரலை உடனே ஆற்றும் தனி மருந்து கிடையாது. காரணத்தைக் கண்டு அதற்கு வைத்தியம் செய்து, புண் ஆறும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

அப்படித் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் அந்த மிசின். "மிசின்ல போட்டா ஆள் திரும்ப மாட்டாங்க, வீட்டுக்கே கொண்டு போயிடலாம்" என்று சொல்லும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசை விழுந்த பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே டொக்டர் இப்சன் தொண்டையில் குழாய் வைத்து, ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் செய்தார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை போட்டு, இரவு பகலாக, நாட்கணக்கில் அந்தப் பையை அமுக்கினார்கள். பிழைக்க மாட்டார்கள் என்றிருந்த பலர் பிழைத்தார்கள். இன்றைய மிசின் அந்த மாணவர் கை செய்த வேலையைத்தான் செய்கிறது. அது ஆளைக் கொல்வதில்லை. கடைசி நேரத்தில் கொண்டுவந்தவர்களையும் அதில் போடுவதால் அதற்குக் கெட்ட பேர்.

ஆனால் மிசினையும் அளவோடு பாவிக்க வேண்டும் என்று டொக்டர்மார் பிற்காலத்தில் கண்டார்கள். புண்ணான நுரையீரலில் அதிகக் காற்றை அழுத்தினால் அது மேலும் கிழியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளரை வைத்துப் பார்த்தபோது, பழைய அளவில் காற்று கொடுத்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இறந்தார்கள். குறைந்த அளவில் கொடுத்தவர்களில் 31 பேர். 2013இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் செய்த ஆய்வில், கடுமையான நோயாளரைத் தினமும் பல மணி நேரம் குப்புறப் படுக்க வைத்ததால் 28 நாட்களுக்குள் சாவு 33இலிருந்து 16ஆகக் குறைந்தது. முதுகுப் பக்கத்துக் காற்றுப் பைகள் அப்போதுதான் திறக்கின்றன. ஆகவே வார்டில் உங்கள் அம்மாவைக் குப்புறப் போட்டிருந்தால் "மனுசியைக் கவுத்துப் போட்டுட்டாங்களே" என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது வைத்தியம்.

எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். நல்ல வசதியுள்ள நாடுகளிலேயே கடுமையாக வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் இறக்கிறார்கள். நேரத்தோடு வந்தவருக்குச் சிலவேளை மூக்கில் வைக்கும் ஒட்சிசனோடே தீர்ந்துவிடுகிறது, மிசின் வரை போகத் தேவையில்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.சீ.யு.வில் இரண்டு மூன்று வாரம் கிடந்தவருக்குக் கைகால் சூம்பிப்போயிருக்கும். மேட்டில் நாலு படி ஏறினால் களைக்கும். ராத்திரியில் கெட்ட கனவு வரும், மறதி வரும். இது பேய் பிடித்ததும் அல்ல, சோம்பலும் அல்ல. பல மாதம் எடுக்கும், சிலருக்கு வருடமும் ஆகும். முதலில் வாசலில் நடக்கட்டும், பிறகு கோயில் வரை. விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காமல், சொன்ன திகதியில் கூட்டிப்போங்கள். இலேசான வேலை கொடுக்கும்படி டொக்டர் கடிதம் தந்தால் அதை ஒஃபீஸில் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்தும் மலைக்கே போகச் சொன்னால், அந்தப் பிரதியோடு எம்மிடம் வாருங்கள்.